கை பொறுக்கும் சூடு

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. இருந்தும் ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். போன் அடிக்கவில்லையே என்று ஒரு பதற்றம். அடித்தால் யார் வீட்டு நாயோ என்று இன்னொரு பதற்றம். "உனக்குத்தான் வேலை முடிஞ்சிடுச்சே, கொஞ்ச நேரம் படுத்துக்கயேன்" என்கிறார் வீட்டுக்காரர். அவர் வங்கியில் இருந்தவர். அவருடைய வேலையில் எதுவும் குளிரில் விறைத்துப்போய் மேசைக்கு வந்ததில்லை.

புதிதாகக் கால்நடை மருந்தகங்களில் சேர்ந்திருக்கும் நீங்கள் சிலர் என்னிடம், "குளிர்காலத்தில் செல்லப்பிராணிகளைக் காப்பது பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் மேடம்" என்று கேட்டிருந்தீர்கள். கேட்டது ஒரு பட்டியல் என்று புரிகிறது. பட்டியல் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் எழுதினால் நீங்கள் படிக்கவும் மாட்டீர்கள். நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன், அதையாவது படிப்பீர்கள்.

முதலில் ஒன்று. "நம்ம கும்மிடிப்பூண்டியில ஏது மேடம் குளிரு?" என்று சிரிப்பவர்கள் உங்களிடமும் வருவார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் சிரித்தேன். இங்கே குளிர் தனியாக வருவதில்லை, மழையோடு வரும். மூன்று நாள் மழை, பழவேற்காடு பக்கமிருந்து காற்று, கீழே சிமென்ட் தரை, மேலே தகரக் கூரை. நனைந்த வயதான நாய்க்கு அது போதும். போர்வையை மேலே போர்த்திவிட்டு, பார்த்துக்கொண்டோம் என்று நினைக்கிறார்கள். சூட்டை உறிஞ்சுவது தரை. மேலே போர்த்துவதற்கு முன் கீழே இரண்டு சாக்கை மடித்துப் போடச் சொல்லுங்கள். சிப்காட் ரோட்டில் லாரி நிறுத்துபவர்களிடம், காலையில் வண்டியைக் கிளப்புமுன் பானெட்டில் நான்கு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். இன்ஜின் சூட்டுக்கு உள்ளே பூனை சுருண்டிருக்கும். தட்டாமல் கிளப்பியவர்கள் கொண்டுவந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத மனசில்லை.

இனி ரோசியின் கதை.

ஏழுமலை அப்போது ரோலிங் மில்லில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் தள்ளும் வேலை. அவர் மனைவி முனியம்மாவுக்கு ஒரு பேக்கிங் கம்பெனியில் காலை ஷிப்ட். ஒரே மகள், கலைவாணி. அந்தப் பெண் தன்னோடு வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டாள். ஏழுமலைக்கு அது பிடிக்கவில்லை. என்ன பேசினாரோ, எப்படிப் பேசினாரோ, அதற்குப்பின் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. அவள் விட்டுவிட்டுப் போனது ஒரு நாயை. பதினோரு வயது நாட்டு நாய். அதுதான் ரோசி.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை கலை அம்மாவைக் கூப்பிடுவாள். நாலு வார்த்தை பேசிவிட்டு, "ரோசி சாப்ட்டாளா?" என்பாள். முனியம்மா போனை ஸ்பீக்கரில் போடுவாள். ஏழுமலை ஒன்றும் பேசாமல் போனை வாங்கி நாயின் காதருகே பிடிப்பார். மகள் நாயைக் கொஞ்சுவாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். வேறு பேச்சு கிடையாது. இதை முனியம்மா பிற்பாடு என்னிடம் சொன்னாள். முதல்நாளே எனக்குத் தெரிந்திருந்தால் நான் அந்த மனிதரிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

அந்த மார்கழியில் மூன்றாம் நாள் மழை. நான் மருந்தகத்தைத் திறக்கும்போதே வாசலில் ஆட்டோ நின்றது. ஏழுமலை நாயை ஈரப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"நைட் ஷிப்ட் போயிருந்தேம்மா. ரெண்டு நாளா ரோட்டுப் பக்கம் ஓடுதேன்னு கொல்லைல கட்டிப் போட்டுட்டுப் போனேன். மேல தகர ஷீட்டு ஒய்கி இருக்குது. தண்ணியிலயே கெடந்துருக்குது."

ஈறு வெளுத்துவிட்டது. தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறவே இல்லை. கண்ணைத் தொட்டால் இமைக்கிறது, அவ்வளவுதான். வரிசையில் நின்ற ஆட்டுக்காரர்கள், கோழிக்காரர்கள் எல்லோரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். ஒருவர் பிராந்தி என்றார். ஒருவர் எதிர்க்கடையிலிருந்து சூடாக டீ வாங்கியே வந்துவிட்டார். ஏழுமலை அதை வாங்கி நாயின் வாயைத் திறக்கப் போனார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். டீ அவர் கை மேலும் கொட்டியது, என் கை மேலும் கொட்டியது. எனக்குச் சுட்டது. அவர் கையை உதறக்கூட இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

விறைத்த உடம்புக்கு விழுங்கத் தெரியாது. ஊற்றுவது நுரையீரலுக்குப் போகும். முதலில் ஈரத்தைத் துடை, பிறகு உடம்பைச் சூடாக்கு, அதுவும் மெதுவாக, கால்களை விட்டுவிட்டு வயிற்றுப் பக்கத்தை. அது தானாகத் தலையைத் தூக்கிய பிறகுதான் சாப்பாடு. சுற்றிலும் பத்துப் பேர் நின்று "எதுனா குடும்மா, எதுனா குடும்மா" என்று கத்தும்போது ஒன்றும் கொடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை அன்று நான் சரியாகவே தாங்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பன்னிரண்டு மணிக்கு ரோசி தலையைத் தூக்கியது. நம்முடைய மருந்தகத்தில் நாயைப் படுக்க வைக்க ஏது இடம்? மாதர்பாக்கம் பக்கத்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் காலையிலிருந்து கிடக்கிறது. அவர்கள் வேறு போன்மேல் போன். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஏழுமலையிடம் சொன்னேன்: "கை பொறுக்கும் சூட்டில் ஏதாவது பக்கத்தில் வைத்துக்கொண்டே இருங்கள். சூடு இறங்கக் கூடாது. இறங்கினால் பிழைக்காது."

என்னுடைய முதல் மேலதிகாரி ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார். சொன்னதைச் சொந்தக்காரர் வாயால் திருப்பிச் சொல்ல வைக்காமல் அனுப்பாதே என்பார். அதையும் செய்தேன்.

"எங்கே, சொல்லுங்க."

"கை பொறுக்கற சூட்டுல வெச்சிக்கினே இருக்கணும். எறங்க வுடக்கூடாது. எறங்குனா பொயைக்காது."

ஒரு எழுத்து பிசகவில்லை. நிம்மதியாகப் பசுவைப் பார்க்கப் போனேன்.

நான்காம் நாள் போன் செய்தார். ரோசி கஞ்சி குடிக்கிறதாம், எழுந்து உட்காருகிறதாம். ஏழாம் நாள் மறுபடி போன்: வலது விலாப் பக்கம் முடி கொட்டுகிறது. "வயசான நாய், குளிர் காலம், கொட்டத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய் தடவுங்கள்" என்றேன். இதையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இதுவும் என் வாயிலிருந்து வந்ததுதான். பார்க்காமல் சொன்னேன். சொன்னபிறகு சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. வலது பக்கம் மட்டும் ஏன்? ஒரு பக்கம் மட்டும் கொட்டுவானேன்? கையைக் கழுவிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

வீடு மில்லுக்குப் பின்னால், வாய்க்காலைத் தாண்டி. முனியம்மா ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். ரோசி சாக்கின் மேல் படுத்திருந்தது. முடியை விலக்கிப் பார்த்தேன். சப்பாத்தி அகலத்துக்குத் தோல் கறுத்துக் காய்ந்து தோல்செருப்பு மாதிரி விறைப்பாக இருந்தது. ஓரத்தில் சீழ். சொறியில்லை, படையில்லை. வெந்த புண்.

"பக்கத்துல என்ன வெச்சீங்க?"

"கல்லுதாம்மா" என்றார் ஏழுமலை.

மில்லில் உலையைப் பிரித்துக் கட்டும்போது கழித்துப்போடும் செங்கல்லை, பர்னஸ் கல் என்பார்கள், அந்தப் பக்கத்து வீடுகளில் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அவர் வீட்டில் வெந்நீர் அடுப்புக்கு மூன்று கல்லும் அதுதான். ஒன்றை அடுப்பிலிருந்து எடுத்துச் சாக்கில் சுற்றி நாயோடு ஒட்டி வைத்திருக்கிறார். வாட்டர் பாட்டிலில் வெந்நீர் வைத்தால் முக்கால் மணியில் ஆறிவிடும். இது அரை நாள் ஆறாது. இறங்கக் கூடாது என்று நான்தானே பயமுறுத்தியிருந்தேன்? இறங்காத பொருளாகத் தேடி வைத்திருக்கிறார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கை பொறுக்கும் சூடுன்னு சொன்னேனா இல்லையா? தொட்டுப் பாத்தீங்களா?"

"பாக்காமயாம்மா? ஒவ்வொரு வாட்டியும் கைய வெச்சிப் பாத்துதான் வெச்சேன். வெதுவெதுன்னுதான் இருந்துச்சி."

"பொய் சொல்லாதீங்க."

அவர் எழுந்தார். கொல்லைக்குப் போனார். ரோசிக்காக அடுப்பில் வைத்திருந்த கல்லைக் கொண்டுவந்து, அதே சாக்கில் அதே மாதிரி சுற்றி என் முன்னால் வைத்தார். உள்ளங்கையை அதன்மேல் பதித்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே சொன்னார்: "பாரும்மா. இப்டித்தான். இத்தோட சூடு இன்னா பெரிய சூடு?"

நானும் என் கையை வைத்தேன். ஒன்று எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டேன்.

முனியம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு தன் கையை வைத்துப் பார்த்தாள். "ஐயோ" என்றாள். அவர் கை இன்னும் சாக்கின் மேல்தான் இருந்தது. கையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கத் தடித்து, மஞ்சளாக, குதிகால் மாதிரி இருந்தது. இருபத்தெட்டு வருடத்துக் கம்பியின் சூடு அந்தத் தோலில் ஏறியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்திருக்கிறார். யாருடைய கை என்று நான்தான் சொல்லவில்லை.

வயதான நாய், எழுந்து நகரத் தெம்பில்லாத நாய். சுட்டால் விலகிப் போகாது, முனகக்கூடச் செய்யாது. அதனால்தான் சொல்கிறேன்: சூடு வைத்தால் பாதிப் படுக்கைக்கு மட்டும் வையுங்கள், விலகிப்போக மறுபாதியை விடுங்கள். விலக முடியாத நோயாளியை மணிக்கு ஒருமுறை புரட்டிப் போடச் சொல்லுங்கள். இதெல்லாம் எனக்கு அன்றைக்கு முன்பே தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தெரிந்து என்ன, தோளில் பையை மாட்டிக்கொண்டு சொல்லத் தோன்றவில்லை.

அப்போதுதான் முனியம்மா ஞாயிற்றுக்கிழமைப் போனைப் பற்றிச் சொன்னாள். பொங்கலுக்கு மகள் வருகிறாளாம். "எங்களப் பாக்க இல்லம்மா, ரோசியப் பாக்க" என்றாள். இரண்டு வருடத்தில் முதல்முறை. இருபது நாள் இருந்தது.

அந்த இருபது நாளும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செத்த தோலை வெட்டி எடுத்தேன். தினமும் காலையில் ஏழுமலை ரோசியைச் சைக்கிள் கேரியரில் பிளாஸ்டிக் கூடை கட்டிக் கொண்டுவருவார். நான் கட்டு மாற்றுவேன். ஒருநாள் புண் சிவப்பாக நன்றாக இருக்கும், மறுநாள் நாற்றம் அடிக்கும். வயதான சிறுநீரகம், ஊசி மருந்தைக் கூட்டவும் பயம், குறைக்கவும் பயம். வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ரோசியை நினைத்துக்கொண்டு நிற்பேன், பால் பொங்கி ஊற்றும். நாய் பிழைத்தால் அந்த வீட்டில் மூன்று பேர் பிழைப்பார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றிவிட்டால் போட்ட கட்டையே மறுபடி பிரித்துப் பார்க்கத் தோன்றும். உங்களுக்கும் ஒருநாள் தோன்றும், பயப்படாதீர்கள்.

போகிக்கு நான்கு நாள் முன்பு, கட்டு போட்டு முடித்ததும் ஏழுமலை போகாமல் நின்றார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேப்பேன். எங்க பொண்ணு வந்து இன்னான்னு கேட்டா, சொறின்னு சொல்லிடுங்கம்மா. நான் சொன்னா நம்பாது. நீங்க சொன்னா நம்பும்."

"ஏன்?"

"ஏற்கெனவே என்னைய கல்லு மனசுக்காரன்னு சொல்லிட்டுத்தாம்மா போச்சி. இப்ப வந்து நாயையும் சுட்டுட்டேன்னா அத்தோட போயிடும்மா. இனிமே வராது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அது கோழைத்தனமான பதில். உண்மை என்னவென்றால், அந்தப் பொய் அவருக்கு மட்டும் வசதி இல்லை. சொறி என்று சொல்லிவிட்டால் என் அவசரமும், பார்க்காமல் போனில் சொன்ன தேங்காய் எண்ணெயும் அதற்குள் மறைந்துவிடும். என்னை யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு தகப்பனுக்கு உதவினேன் என்று புண்ணியக் கணக்கிலும் எழுதிக்கொள்ளலாம். மூன்று நாள் இதை மென்றுகொண்டிருந்தேன்.

போகிக்கு முந்தின நாள் கலை வந்தாள். வீட்டுக்குப் போகாமல் நேராக மருந்தகத்துக்கே வந்துவிட்டாள். புருஷன் வெளியே பைக்கோடு நின்றுவிட்டான். கட்டைப் பிரித்து வைத்திருந்தேன். ரோசி மேசையில் படுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் வாலை மேசையில் தட்டியது. அவள் குனிந்து அதைக் கட்டிக்கொண்டாள். முப்பது வருடம் சினைப் பசு பார்த்தவள் நான். அவள் இடுப்பில் கை ஊன்றிக் குனிந்த விதத்திலேயே எனக்குச் சங்கதி தெரிந்துவிட்டது. மேசைக்கு மறுபுறம் நின்ற தகப்பனுக்குத் தெரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் புண்ணைப் பார்த்தாள். அப்பாவைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள். "இன்னா மேடம் இது?"

ஏழுமலை என்னைப் பார்த்தார்.

"தீப்புண்" என்றேன். "குளிரில் விறைத்துப்போய் வந்தது. சூடு வைத்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். எதில் வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது என்று சொல்லாமல் அவசரமாகப் போய்விட்டேன். தப்பு என்னுடையது."

"அதெல்லாம் இல்ல" என்றார் ஏழுமலை. தரையைப் பார்த்தபடிதான். "பர்னஸ் கல்ல வெச்சது நான்தான். கைய வெச்சிப் பாத்தேன். சுடல. எனுக்குச் சுடல, அதுக்குச் சுட்டுடுச்சி. தூங்காம பக்கத்துலயே குந்திக்கினு இருந்தும் எனுக்குத் தெரியல."

கலை நிமிர்ந்தாள். அவள் மேசையைச் சுற்றி வந்து, "கையக் காட்டு" என்றாள். அவர் காட்டவில்லை. அவளே கையை இழுத்து விரித்துப் பார்த்தாள். கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்தி அழுத்திப் பார்த்தாள், எங்கேயாவது மெதுவாக இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அவருக்குப் பிறந்த பெண்ணாகவே கோபப்பட்டாள்.

"நைனா, சித்திரைல நான் வந்துடுவேன், பிரசவத்துக்கு. கொயந்தைக்குக் குளிக்கத் தண்ணி வெளாவறப்ப நீ கைய வுட்டுப் பாக்காத, சொல்லிட்டேன். அம்மா பாக்கட்டும்."

நைனா என்று இங்கே அப்பாவைக் கூப்பிடுவார்கள். இரண்டு வருடமாக அந்தச் சொல் அவர் காதில் விழவில்லை. அது விழுந்ததில் மீதி வார்த்தைகள் அவருக்குக் கேட்டனவா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. வாசலில் பைக்கோடு நின்றவனை ஒருதரம் பார்த்தார். "அவன இன்னாத்துக்கு வெயில்ல நிக்க வெச்சிருக்கற? உள்ள கூப்புடு" என்றார்.

அவள் போய்க் கூப்பிட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் என் பக்கமாக நகர்ந்து வந்தார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இந்தத் தோலு எளகறதுக்கு எதுனா மருந்து இருக்குதா? சித்திரைக்குள்ள?"

நான் மாட்டு டாக்டர். என்னிடம் இருந்தது மாட்டின் மடிக்காம்பு வெடிப்புக்குத் தடவும் களிம்பு. இரண்டு டப்பா எடுத்து மேசையில் வைத்தேன். காலையும் மாலையும் வெந்நீரில் கையை ஊறவைத்துத் தடவச் சொன்னேன். வெந்நீரின் சூட்டை முனியம்மாதான் பார்க்க வேண்டும் என்றேன். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, அந்தக் கையை என் மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு எடுக்க வேண்டும், எப்படித் தேய்க்க வேண்டும் என்று முதல் தடவை நானே தடவிக் காட்டினேன்.